மாம்பழ ஸ்குவாஷ் பாட்டிலுக்கு லேபிள்: அச்சுக்குக் கொடுக்கும் முன்

சீசன் வந்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டினம், பர்கூர், சந்தூர் பக்கமெல்லாம் பெங்களூரா, செந்தூரா மாம்பழங்கள் கூழ் ஆலைக்கு லோடு லோடாகப் போகும். அதில் கொஞ்சத்தை வீட்டிலேயே ஸ்குவாஷாக்கி (தண்ணீர் கலந்து குடிக்கும் கெட்டியான பழபானம்) விற்கும் குடும்பங்களும் மகளிர் குழுக்களும் உண்டு. சரக்கு அருமையாக இருக்கும். லேபிள் காலை வாரிவிடும். கடைக்காரர் வாங்க மறுப்பது, உணவுப் பாதுகாப்பு அலுவலர் கேள்வி கேட்பது, ஐஸ் பெட்டியில் லேபிள் கழன்று மிதப்பது எல்லாமே பெரும்பாலும் அச்சுக்குப் போகும் முன்பே நடந்துவிட்ட தவறுகள்தான்.

பலரும் பெரிய மாம்பழப் படத்தை முதலில் வைத்துவிட்டு, மிச்சம் இருக்கும் மூலையில் சட்டம் கேட்கும் விவரங்களைத் திணிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பொருளின் பெயர், சேர்மானங்கள் (எது அதிகமோ அது முதலில்), நிகர அளவு, தயாரிப்பாளர் முகவரி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, எல்லா வரிகளும் சேர்த்த எம்.ஆர்.பி., புகாருக்கான தொலைபேசி, மின்னஞ்சல். இவ்வளவுக்கும் இடம் ஒதுக்கிய பிறகுதான் படம். 750 மில்லி பாட்டிலில் நிகர அளவின் எண்கள் 4 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது. சைவக் குறியின் பச்சை வட்டத்துக்கு 4 மி.மீ. விட்டம், அதைச் சுற்றிய சதுரத்துக்கு 8 மி.மீ. பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிக்கு என்ன விலை என்பதையும் போட வேண்டும்: 180 ரூபாய் பாட்டில் என்றால் மில்லிக்கு 0.24 ரூபாய்.

தமிழில் மட்டும் அச்சடித்தால் செல்லாது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். கூடவே தமிழையும் தாராளமாகப் போடலாம்.

'ஸ்குவாஷ்' என்று எழுதினால் அதில் பழச்சாறு குறைந்தது 25 சதவீதமும் கரைதிடப்பொருள் (சர்க்கரை போலக் கரைந்திருப்பவை) 40 சதவீதமும் இருந்தாக வேண்டும். கே.எம்.எஸ். (பொட்டாசியம் மெட்டாபைசல்பைட், சேர்பொருள் எண் ஐ.என்.எஸ். 224) போட்டிருந்தால் அது அனுமதிக்கப்பட்ட இரண்டாம் வகுப்புப் பதப்படுத்தி என்று லேபிளில் சொல்ல வேண்டும். அதிலிருந்து வரும் சல்பைட் 10 பி.பி.எம். (கிலோவுக்கு 10 மில்லிகிராம்) அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கை வரியும் சேரும். கே.எம்.எஸ். தரும் கந்தக டை ஆக்ஸைடின் உச்சவரம்பு 350 பி.பி.எம்.; அதாவது ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு கே.எம்.எஸ். சுமார் 0.6 கிராம்தான். இதைப் போட்டுவிட்டு 'பதப்படுத்தி சேர்க்காதது' என்று அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது தவறான தகவல், வழக்கு வரைக்கும் போகும்.

அடுத்தது அளவு. பாட்டிலில் ஒரு நூலைச் சுற்றிப் பாருங்கள். விட்டம் 76 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 239 மி.மீ. வரும். எதிரில் நிற்பவர் கண்ணுக்கு வசதியாகத் தெரிவது அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான், அதனால் முன்பக்க லேபிளுக்கு 90 மி.மீ. அகலம் போதும். கழுத்து வளையத் தொடங்கும் இடத்துக்கு 5 மி.மீ. கீழேயே லேபிள் முடிந்துவிட வேண்டும். வளைவில் ஏறினால் மேல் விளிம்பு கட்டாயம் சுருங்கும். உயரத்தை 110 வைப்பதா 100 வைப்பதா என்பதில் காசு இருக்கிறது. நாலு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போகும் உபரி ஓரம்) விட்டு 12×18 அங்குல ஷீட்டில் ஒரே திசையில் அடுக்கினால் 90×110 அளவில் 9 லேபிள் வரும், 90×100 அளவில் 12 வரும். ஷீட் விலை ஒன்றுதான்.

அச்சகத்தில் அதிகம் அடிபடுவது தமிழ் எழுத்து. யூனிகோடில் அடித்த ஃபைலை அப்படியே கொடுத்தால், கடையில் இருக்கும் பழைய கோரல்டிரா வடிவமைப்பு மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி, 'கொ' மூன்று துண்டாக உடைந்து நிற்கும். நீங்களே எழுத்துகளை கர்வ்ஸாக (வெறும் கோட்டு வடிவங்களாக) மாற்றி (கோரல்டிராவில் கன்ட்ரோல்+க்யூ) பி.டி.எஃப். எடுத்துக் கொடுங்கள். திருத்தத்துக்கு ஒரு மூல ஃபைலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கர்வ்ஸான பிறகு எழுத்தைத் தட்டி மாற்ற முடியாது. 7 பாயின்டுக்குக் கீழே போனால் 'ஞ', 'ண', 'ழ' எழுத்துகளின் சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும். கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் 8 பாயின்டும் தடித்த எழுத்துருவும் வேண்டும். சின்ன கறுப்பு எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் கொடுங்கள். நான்கு மையும் கலந்தால், ஷீட் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும். மொபைல் திரையில் பளபளக்கும் மாம்பழ மஞ்சள் அச்சில் மங்கித்தான் வரும், எனவே சி.எம்.ஒய்.கே.யில் (அச்சின் நான்கு மை நிறமுறை) வேலை செய்து ஒரு ஷீட் மாதிரி பார்த்துவிடுங்கள்.

தாள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குளிரூட்டி விற்கும் பாட்டிலுக்கு குரோமோ பேப்பர் (பளபளப்புப் பூச்சுக் காகிதம்) ஸ்டிக்கர் சரிவராது. வியர்த்ததும் ஊறிக் கிழியும். பி.பி. (பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்) ஸ்டிக்கரோ வினைலோ போடுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரின்டரின் சாதாரண மை ஈரம் பட்டதும் கரையும். லேசர் அச்சு ஈரத்துக்குத் தாங்கும்.

பேட்ச் எண், தேதி, விலைக்கு 40×25 மி.மீ. வெள்ளைக் கட்டம் விடுங்கள். அந்த இடத்தில் லேமினேஷன் வேண்டாம். பி.பி., வினைல், லேமினேஷன் எதன் மேலும் சாதாரண ஸ்டாம்ப் பேட் மை விரலோடு வந்துவிடும். பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் வேகமாக உலரும் மை வாங்க வேண்டும். கடைகளில் பில் அடிக்கும் தெர்மல் தாளில் தேதி ஒட்டுவதையும் தவிருங்கள், நம் ஊர் மே மாத வெயிலில் எழுத்து படிக்க முடியாமல் போகும்.

சூடாக நிரப்பிய பாட்டில் முழுதும் ஆறி, ஈரம் துடைத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்த பிறகே ஒட்டுங்கள். நடுவில் அழுத்தி இரண்டு ஓரத்துக்கும் தேய்த்தால் குமிழி வராது. ஒட்டிய பின் பசை பிடிக்க ஒரு நாள் வெளியில் நிற்கட்டும், உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் ஓரம் தூக்கும். மொத்த அச்சுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டு பாட்டிலில் ஒட்டி, மறுநாள் ஐஸ் தண்ணீர் வாளியில் இரண்டு மணி நேரம் போட்டுவிட்டு, வெளியே எடுத்ததும் தேதிக் கட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். எழுத்து நின்றால் ஆர்டர் கொடுக்கலாம்.