படியில் வந்த இளைப்பு வயதால் வந்ததில்லை

திருகோணமலைக் கோணேசர் கோயில் ஏற்றத்தை எங்கள் பெரியப்பா 70 வயதிலும் நிற்காமல் ஏறியவர். 76இல், கோட்டைக்குள்ளே மான்கள் மேயும் இடத்தில் ஒருதரம், அப்புறம் கடையடியில் ஒருதரம் என்று நிற்கத் தொடங்கினார். "வயசு போனால் இளைக்கத்தானே செய்யும்" என்றோம், அவரும் அதையேதான் சொன்னார். ஒன்றரை வருடம் இப்படியே போனது. இடையில் ஓர் இடத்தில் ஆஸ்துமா என்று பம்ப் கொடுத்தார்கள், அதையும் இழுத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை படியில் மயங்கி விழுந்த பிறகுதான், ஒரு டொக்டர் நெஞ்சில் மட்டுமில்லாமல் கழுத்திலும் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, உடனே எக்கோ (இதயத்தை ஒலியலையால் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கச் சொன்னார். அயோர்டிக் வால்வு சுருங்கிப்போயிருந்தது.

இந்த வால்வு இதயத்தின் இடது கீழறைக்கும் பெருநாடிக்கும் நடுவே இருக்கும் வாசல். ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கூட இல்லாத மூன்று இதழ்கள், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் தரம் திறந்து மூடும். நன்றாகத் திறந்தால் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். அது 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் கடுமையான சுருக்கம் என்பார்கள். கேத்தலுக்குள் வெள்ளையாக உப்புப் படிகிற மாதிரி கல்சியம் படிகிறது என்று சொல்வது வழக்கம். பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் சும்மா படிவதில்லை: இதழில் கொழுப்புச் சேர்ந்து, அழற்சி வந்து, அங்குள்ள செல்களே எலும்பு செய்யும் செல்களைப் போல வேலை செய்யத் தொடங்குகின்றன. அதனால்தான் இதைக் கரைக்க ஒரு குளிசையும் இல்லை. கொலஸ்ட்ரோல் மருந்தைக் கொடுத்தும் ஆராய்ந்து பார்த்தார்கள், சுருக்கம் நிற்கவில்லை.

வாசல் சிறுத்ததும் இதயம் பலமாக இடிக்கிறது, இடித்து இடித்துச் சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் விறைப்பாகி உள்ளே அழுத்தம் ஏற, அது நுரையீரல் வரை தள்ளி இளைப்பாக வருகிறது. தடித்த தசைக்கு இரத்தம் போதாமல் நெஞ்சு நோகிறது. படி ஏறும்போது கால் தசைகளின் குழாய்கள் விரிந்து இரத்தம் கேட்கும், சுருங்கிய வால்வால் அதற்கு மேல் விட முடியாது, பிரஷர் விழுந்து தலைக்குப் போவது குறையும். பெரியப்பா விழுந்தது அப்படித்தான். இந்த அறிகுறிகள் வந்த பிறகும் வால்வை மாற்றாமல் விட்டால், ஏறக்குறைய பாதிப்பேர் 2 வருடங்களைத் தாண்டுவதில்லை. நாங்கள் ஒன்றரை வருடத்தை "வயசு" என்று சொல்லிக் கழித்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

மாற்ற இரண்டு வழிகள். பழையது, நெஞ்செலும்பை நடுவே அறுத்துத் திறந்து, இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை வெளியே ஒரு மெஷினிடம் கொடுத்துவிட்டு, இதழ்களை வெட்டியெடுத்து, கல்சியத்தைச் சுரண்டி, புதிய வால்வைத் தைப்பது. சுரண்டும்போது ஒரு துகள் தப்பி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம், அதனால் அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். மற்றது டாவி. 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே என்ற மருத்துவர் முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்தது. இப்போது பெரும்பாலும் தொடையிடுக்கு நாடி வழியாக, பென்சில் அளவுக்கு மடக்கிய வால்வைக் கொண்டுபோய்ப் பழைய வால்வுக்குள்ளேயே விரித்துவிடுகிறார்கள். தையலே கிடையாது! இவ்வளவு தொல்லை கொடுத்த அதே கல்சியம்தான் புதியதைப் பிடித்து வைத்திருக்கும். பக்கத்தில் இதயத்தின் மின்சார வழி ஓடுவதால் சிலருக்கு அது நசுங்கி, துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் கருவி வைக்க வேண்டி வரும், ஓரத்தால் கொஞ்சம் கசியவும் கூடும். திறந்து செய்தால் தாங்கமாட்டார்கள் என்று கைவிட்ட முதியவர்களுக்காகத்தான் இது வந்தது. ஆகவே 80 வயது என்பதற்காக மட்டும் ஒருவரை வீட்டோடு விடத் தேவையில்லை. விலை பெரிது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெரியப்பாவுக்கு மற்ற உறுப்புகள் நன்றாக இருந்ததால் திறந்தே செய்தார்கள், கொழும்பில். உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும், ஆனால் ஆயுள் முழுக்க, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் குளிசை குடித்து, இரத்தம் சோதித்து, கீரையைக்கூட ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். அந்த வயதில் விழுந்து அடிபட்டால் இரத்தக் கசிவு ஆபத்து. அதனால் முதியவர்களுக்குப் பெரும்பாலும் மாட்டின் இதய உறையாலோ பன்றியின் வால்வாலோ செய்ததை வைப்பார்கள், 10, 15 வருடம் தாங்கும். அதை இரசாயனத்தில் பதப்படுத்தியிருப்பதால் உயிருள்ள செல் எதுவும் இல்லை, உடல் தள்ளாமலிருக்க மருந்தும் வேண்டாம். எங்கள் ஊரில் இந்துவும் முஸ்லிமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர்கள், எந்த மிருகத்தினது என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒப்பரேசனுக்கு முன்னமே கேட்டுவிடுங்கள். பல்லையும் முன்னமே காட்டிச் சரிசெய்யச் சொல்வார்கள், வாயிலிருந்து வரும் கிருமி புதிய வால்வில் குடியேறக்கூடும்.

ஒன்றுக்குத்தான் எங்களை யாரும் தயார்ப்படுத்தவில்லை. இரண்டாம் இரவு பெரியப்பா கண்ணை உருட்டி, கையிலிருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்து, "பாதை வந்துட்டுதா, கிண்ணியாவுக்குப் போகவேணும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பாதை என்று நாங்கள் சொல்வது தண்ணீரைக் கடக்கும் மிதவைப் படகை. 2009இல் பாலம் வந்த பிறகு அவர் பாதை ஏறியதே இல்லை. பெரியம்மா மூளை கலங்கிவிட்டது என்று அழுதார். மயக்க மருந்து, வலி, தூக்கமில்லாத வெளிச்சமான வார்டு எல்லாம் சேர்ந்து முதியவர்களுக்கு வரும் தற்காலிகக் குழப்பம் இது, பலருக்கு வரும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிட்டு, கிழமையும் நேரமும் சொல்லி, தெரிந்த குரல் பக்கத்தில் இருந்தால் தெளிவது சுலபம். நாலாம் நாள் விடிய அவரே எழும்பி இருந்து பிளேன்டீ கேட்டார். பாதையைப் பற்றிக் கேட்டது அவருக்கு ஞாபகமே இல்லை.