சுவரின் வெளிச்சமும் படத்தின் கருப்பும்

கையில் அடங்கும் புரொஜெக்டரால் சுவரில் வீழ்த்த முடியாத நிறம் ஒன்று உண்டு, அது கருப்பு. தொலைக்காட்சியின் திரை இயல்பிலேயே கருமையானது என்பதால் அங்கே ஒளி எழாத இடம் கருப்பாகத் தெரிகிறது. புரொஜெக்டருக்குத் திரையாக அமைவதோ வெள்ளைச் சுவர். அதில் ஒளி விழாத இடம், அறையின் வெளிச்சத்தில் வழக்கமாக எப்படித் தெரியுமோ அப்படியேதான் தெரியும். சினிமா பார்க்கவும், விளையாடவும், கணினியை இணைத்து வேலை செய்யவும் இக்கருவியை வாங்க எண்ணுபவருக்கு, அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்களைவிட இந்த ஓர் உண்மையே கூடுதலாக உதவும்.

சிறிய புரொஜெக்டர்களில் தரமானவை பலவும், நுண்ணாடிகளால் ஒளியைத் திருப்பிப் படம் காட்டும் டிஎல்பி முறையில் இயங்குகின்றன. அந்த ஆடிகளைத் தாங்கிய, அதன் உயிர்நாடியான டிஎம்டி சில்லை, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் லாரி ஹார்ன்பெக் 1987-இல் கண்டுபிடித்தார். திரையரங்குகள் ஃபிலிம் சுருளிலிருந்து டிஜிட்டலுக்கு மாற அது வழிவகுத்ததால் 2015-இல் அவருக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. கையடக்கக் கருவிகளுக்கென உருவான 0.23 அங்குலச் சில்லு ஒன்றில், கிடையாக 960, நெடுக்காக 540 என ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணாடிகள் பதிந்துள்ளன. ஒவ்வொன்றின் அகலமும் 5.4 மைக்ரான்; அதாவது தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவே. மின்சாரத்தின் கட்டளைப்படி ஒவ்வோர் ஆடியும் 17 பாகை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்ஸ் வழியாகச் சுவருக்குப் போகும். மறுபக்கம் சாய்ந்தால் கருவிக்குள்ளேயே உறிஞ்சப்படும்.

இவ்விரு நிலைகளுக்கு இடையில் பாதி வெளிச்சம் என்ற நிலையே ஆடிக்குக் கிடையாது. அப்படியானால் சாம்பல் நிறம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழும். ஆடி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை புரள்கிறது. எவ்வளவு நேரம் சுவரை நோக்கியிருந்தது என்பதைக் கண் கூட்டிப் பார்த்து, அதைப் பிரகாசமாக உணர்கிறது. நிறமும் இவ்வாறே உருவாகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய எல்இடிகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னுகின்றன. அவற்றைக் கலந்து ஒரே நிறமாக்குவது நம் பார்வைதான். மேலும், படம் முழுவதையும் நுட்பமாக அரைப் புள்ளி அளவுக்கு நகர்த்தி நகர்த்தி நான்கு முறை காட்டுவதன் மூலம், 960×540 ஆடிகளைக் கொண்டே 1920×1080 புள்ளிகள் உருவாக்கப்படுகின்றன.

இனி வெளிச்சக் கணக்கு. 100 அங்குலப் படத்தின் பரப்பு ஏறக்குறைய 2.76 சதுர மீட்டர். கருவி வெளியிடும் மொத்த ஒளியை லூமெனில் அளப்பார்கள். 300 லூமென் ஒளியை அதில் பரப்பினால், ஒரு சதுர மீட்டருக்கு 109 லூமென், அதாவது 109 லக்ஸ் கிடைக்கும். ட்யூப்லைட் எரியும் அறையில் அதே சுவரில் 50 லக்ஸ் வெளிச்சம் ஏற்கெனவே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது படத்தின் வெள்ளை 159, கருப்பு 50. விகிதம் மூன்றுக்கு ஒன்றுதான். விளக்கை அணைத்துச் சுவரின் வெளிச்சம் 1 லக்ஸுக்கு இறங்கினால், அதே கருவி நூற்றுக்கு ஒன்றுக்கும் மேலான விகிதத்தைத் தருகிறது. கருவி மாறவில்லை, அறை மாறியது. விளக்கை அணைத்த பின்னும் படத்தின் ஒளியே வெள்ளைக் கூரையிலும் பக்கச் சுவர்களிலும் பட்டுத் திரும்பி வந்து கருப்பை வெளிறச் செய்யும். திரையரங்குகளின் உட்சுவர்களுக்கு இருண்ட வண்ணம் பூசுவது இதனால்தான். வீட்டில் இரவுக் காட்சிகள் நிறைந்த படங்களைப் பார்ப்பவருக்கு, திரைக்கு அருகிலுள்ள சுவரில் ஓர் அடர்நிறத் திரைச்சீலை தொங்கவிடுவது நல்ல பயன் தரும்.

மலிவான கருவிகளின் பெட்டியில் காணும் 9000 லூமென் போன்ற எண்களை நம்ப வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் ஆன்சி முறையில், வெள்ளைப் படத்தை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் லக்ஸ் அளந்து, சராசரியைப் பரப்பால் பெருக்குவார்கள். இருட்டறையில் கைபேசியின் ஒளி உணரியைக் கொண்டு நாமே இதைச் செய்து பார்க்கலாம். துல்லியம் குறைவாக இருந்தாலும், 300-க்கும் 9000-க்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டிக்கொடுத்துவிடும்.

விளையாட்டுக்கு வெளிச்சத்தோடு தாமதமும் முக்கியம். நொடிக்கு 60 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்றால் ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லி நொடி. கருவியைச் சாய்வாக வைத்துவிட்டு, கோணிய படத்தைக் கீஸ்டோன் வசதியால் நேராக்கினால், ஒவ்வொரு சட்டகத்தையும் கருவி நினைவகத்தில் ஏற்றி மறுபடி கணக்கிட வேண்டியிருக்கிறது. பொத்தானை அழுத்துவதற்கும் படம் அசைவதற்கும் இடையே அந்த நேரம் கூடுகிறது. புள்ளிகளும் வீணாகின்றன. ஆகவே கருவியைச் சுவருக்கு நேராக வைத்து, கீஸ்டோனை அணைத்து, தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைத் தேர்ந்தெடுப்பதே சரி. ஒலியும் பிந்தாமலிருக்க, புளூடூத்தைத் தவிர்த்துக் கம்பியையே நாடலாம்.

கணினி வேலைதான் இக்கருவிக்குக் கடினமான சோதனை. இணையப் பக்கங்களின் அணுகல்தன்மைக்கான பன்னாட்டு வழிகாட்டுதல்கள், வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி விகிதத்தைக் கேட்கின்றன. மேலே கண்ட ட்யூப்லைட் அறையில் நமக்குக் கிடைப்பதோ மூன்றுதான்; கண் சோர்வதில் வியப்பில்லை. ஆனால் படத்தை 60 அங்குலமாகச் சுருக்கினால் பரப்பு 1 சதுர மீட்டர் ஆகிறது, வெளிச்சம் 300 லக்ஸைத் தொடுகிறது, விளக்கை அணைக்காமலேயே விகிதம் ஏழாக உயர்கிறது. வீச்சு விகிதம் (சுவருக்குள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்த எண்) 1.2 உள்ள கருவிக்கு 60 அங்குலப் படத்துக்குச் சுவரிலிருந்து 1.6 மீட்டரும், 100 அங்குலத்துக்கு 2.66 மீட்டரும் தேவை. பகலில் கருவியை வைத்த ஸ்டூலைச் சுவரை நோக்கி ஒரு மீட்டர் தள்ளுவதும், இரவில் சினிமாவுக்காக அதைப் பின்னுக்கு இழுப்பதும் மின்கலத்தில் ஓடும் சிறு கருவியால்தான் எளிதாகின்றன. ஆனால் மின்கலத்தில் ஓடும்போது பல கருவிகள் வெளிச்சத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும் என்பதால், எழுத்து வேலையின்போது சார்ஜரை இணைத்தே வைத்திருக்க வேண்டும்.