பேரன்டல் கண்ட்ரோல்: தமிழில் என்ன சொல்வது?

வீட்டில் ஒரே கணினி. அப்பாவின் அலுவலக வேலை, பிள்ளையின் பாடம், விளையாட்டு எல்லாம் அதில்தான். பிள்ளை எந்தத் தளத்தைத் திறக்கலாம், எதை நிறுவலாம், எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று பெற்றோர் முன்கூட்டியே அமைத்துவைக்கும் வசதிதான் பேரன்டல் கண்ட்ரோல். பேச்சில் ‘லாக் போட்டு வச்சிருக்கேன்’ என்று முடித்துவிடுவோம். எழுத்தில் ‘பெற்றோர் கட்டுப்பாடு’ என்று பரவலாகிவிட்டது.

இந்த மொழிபெயர்ப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. குடும்பக் கட்டுப்பாடு, மாசுக் கட்டுப்பாடு, விலைக் கட்டுப்பாடு, பூச்சிக் கட்டுப்பாடு என்று நாம் அன்றாடம் புழங்கும் தொடர்களில், முன்னால் நிற்பதுதான் கட்டுக்குள் வைக்கப்படுகிறது. அந்தப் பழக்கத்தில் படித்தால், பெற்றோர் கட்டுப்பாடு என்பது பெற்றோரை அடக்கும் ஏற்பாடு என்றாகிறது. ‘அரசுக் கட்டுப்பாடு’ போல, முன்னால் நிற்பதே கட்டுப்படுத்தும் தொடர்களும் உண்டுதான். ஆனால் ஊர்க் கட்டுப்பாடு என்றதும் மீறியவரை ஒதுக்கிவைப்பதுதானே நினைவுக்கு வருகிறது? அந்தக் கடுமையை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கணினித் திரையில் ஏன் ஏற்ற வேண்டும்?

கண்ட்ரோல் என்ற சொல்லின் பிறப்பிலும் இந்தக் கடுமை கிடையாது. லத்தீனில் ‘கான்ட்ரா’ என்றால் எதிர். ‘ரோடுலஸ்’ என்றால் சுருள். கணக்கை ஒருவர் ஒரு சுருளில் எழுத, அதே கணக்கை இன்னொருவர் வேறொரு சுருளில் எழுதிவைப்பார். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த எதிர்ச்சுருள்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்க் கண்ட்ரோல் ஆனது. சரிபார்ப்பதே முதற்பொருள், அடக்கி ஆள்வது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் இன்றும் ரயிலில் டிக்கெட் பரிசோதிப்பவர் ‘கோன்ட்ரோலர்’தான். நம் நாட்டின் ‘கம்ப்ட்ரோலர்’ பதவியும் இதே வேர்தான். அதைத் தமிழில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் என்று அழகாகச் சொல்லிவிட்டோம்.

பெற்றோர் கையில் பூட்டைக் கொடுக்கும் ஏற்பாடு கணினிக்கு முன்பே தொலைக்காட்சிக்கு வந்தது. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டம், கேட்கும் வீடுகளுக்கு அலைவரிசையைப் பூட்டும் பெட்டி தர வேண்டும் என்றது. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் ஒருபடி மேலே போய், 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள தொலைக்காட்சிகளில் ‘வி-சிப்’ என்ற தடுப்புச் சில்லைக் கட்டாயமாக்கியது. 2007இல் விற்பனைக்கு வந்த மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்தில் பேரன்டல் கண்ட்ரோல்ஸ் என்ற பெயரிலேயே ஒரு பகுதி இருந்தது. பின்னர் மைக்ரோசாஃப்ட் ‘குடும்பப் பாதுகாப்பு’ என்று பொருள்படும் பெயருக்கும், ஆப்பிள் ‘திரை நேரம்’ என்று பொருள்படும் பெயருக்கும் மாறின. கண்ட்ரோல் என்ற சொல்லை அவர்களே முன்னால் நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் கணினியில் இதன் அடிப்படை, ஒவ்வொருவரும் தனித்தனியே நுழையும் பயனர் கணக்குதான். எல்லாரும் ஒரே கணக்கில் நுழைந்தால் எந்த அமைப்பும் பயன்தராது. பெற்றோரின் கணக்கு, அமைப்புகளை மாற்றக்கூடிய நிர்வாகி உரிமையோடு, கடவுச்சொல்லோடு இருக்க வேண்டும். பிள்ளைக்குச் சாதாரண உரிமையுள்ள தனிக்கணக்கு வேண்டும். இன்றைய விண்டோஸில் அந்தக் கணக்கைக் குடும்பக் குழுவில் சேர்த்ததும் நேர வரம்பு, தளத் தடுப்பு, வாராந்திர அறிக்கை எல்லாம் கிடைக்கும். ஒன்று முக்கியம்: வேண்டாத தளங்களைத் தடுக்கும் அதன் வடிகட்டி மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில்தான் வேலை செய்கிறது. அதனால் மற்ற பிரபல உலாவிகளை அது தடுத்துவிடும். குரோம் திடீரென்று திறக்கவில்லையே என்று குழம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘கண்காணிப்பு’ பொருளில் நெருக்கமானதுதான். ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலும் நம்மவர்களை மேய்த்த கங்காணியின் நிழல் அந்தச் சொல்லில் விழுந்துவிட்டது. இன்று அதோடு கேமராவும் சேர்ந்துகொண்டது. ‘காப்பு’ அருமையான சொல். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவது காப்புப் பருவம். குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டும் பகுதி அது. வடிகட்டியை மட்டும் குறிக்கச் ‘சிறார் காப்பு’ என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அறிக்கை, நேர வரம்பு, அனுமதி கேட்பது எல்லாம் அதற்குள் அடங்காது.

முழு வசதிக்கும் ‘பெற்றோர் மேற்பார்வை’ என்பதே பொருத்தம் என்பேன். மருத்துவர் மேற்பார்வையில், ஆசிரியர் மேற்பார்வையில் என்று ஏற்கெனவே சொல்கிறோம். யார் பார்க்கிறார் என்பதில் அங்கே குழப்பமே வராது. எதிர்ச்சுருளின் சரிபார்ப்பும் அதில் இருக்கிறது. ‘இந்தக் கணக்கு பெற்றோர் மேற்பார்வையில் உள்ளது’, ‘மேற்பார்வையை நிறுத்த நிர்வாகியின் கடவுச்சொல் தேவை’ என்று திரையில் வந்தால், பிள்ளைக்கும் புரியும், பாட்டிக்கும் புரியும்.