நிவாரணப் பட்டியலில் பால் பவுடர் வேண்டாம்

ஏரி உடைந்ததாகச் செய்தி வந்த கொஞ்ச நேரத்திலேயே வாட்ஸ்அப்பில் நிவாரணப் பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும். போர்வை, பிஸ்கட், நாப்கின், அப்புறம் தவறாமல் பால் பவுடரும் பால் புட்டியும். பச்சிளம் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கடைசி இரண்டைப் பார்த்தாலே பகீர் என்கிறது.

2006 மே 27 அன்று இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பகுதியில் நிலநடுக்கம் வந்தது. 5,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவியாகக் குவிந்த பால் பவுடர், தாய்ப்பால் கொடுத்துவந்த வீடுகளுக்கும் கேட்காமலேயே போய்ச் சேர்ந்தது. பிறகு கணக்கெடுத்தார்கள். பவுடர் பெற்ற குழந்தைகளில் சுமார் 25 சதவீதத்துக்கு வயிற்றுப்போக்கு. பெறாதவர்களில் 12 சதவீதத்துக்கும் குறைவு.

போட்ஸ்வானாவில் 2006 தொடக்கத்தில் கனமழையை அடுத்துப் பரவிய வயிற்றுப்போக்கில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தன. தாயிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றக்கூடாது என்று அரசே இலவசமாகப் பால் பவுடர் கொடுத்துவந்த நாடு அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் மருத்துவமனைக்கு வந்த கைக்குழந்தைகளில் பெரும்பாலானவை தாய்ப்பால் குடிக்காதவை.

பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. கொதிக்கவைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே கரைத்து, ஆறவைத்து, உடனே கொடுக்க வேண்டும். முகாமில் அடுப்பு ஏது, புட்டி கழுவ நல்ல தண்ணீர் ஏது?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். புட்டியால் வயிறு நிரம்பினால் மார்பில் சப்புவது குறையும், சுரப்பும் குறையும். 400 கிராம் டின் ஒரு வாரத்துக்குக்கூட வராது. டின் தீரும்போது தாய்ப்பாலும் குறைந்திருக்கும். அதற்குள் நிவாரண லாரியும் போயிருக்கும்.

“பயத்துல பால் வத்திப்போச்சு டாக்டர்” என்று அம்மாக்களும் பாட்டிகளும் சொல்வார்கள். அதிர்ச்சியில் பால் இறங்குவது தற்காலிகமாகத் தடைபடும், உண்மைதான். சுரப்பு நின்றுவிடுவதில்லை. மறைப்பான ஓரிடத்தில் உட்காரவைத்து, குழந்தையை வெறும் மார்போடு அணைத்து, அடிக்கடி சப்பவிட்டால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். அரைவயிறு சாப்பிடும் தாய்க்கும் பால் சுரக்கும். ஆனாலும் சோறு முதலில் அவளுக்குப் போகட்டும். முகாம்களில் நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. எல்லோரும் சாப்பிட்ட பிறகே அவள் தட்டு.

தாயை இழந்த, பிரிந்த குழந்தைகளின் கதை வேறு. பாலூட்டும் இன்னொரு பெண் முன்வந்தால் நல்லது. இல்லையென்றால் பவுடர் தேவைதான். ஆனால் அதை ஒரு செவிலியர் அளந்து, தொடர்ந்து கவனித்துக் கொடுக்க வேண்டும். அதுவும் புட்டியில் அல்ல, நம் வீட்டுப் பாலாடைக் கிண்ணத்தில். கழுவுவதும் எளிது.

இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனாதை இல்லங்கள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, வேறு யாருக்கும் குழந்தைப் பால் பவுடரையோ புட்டியையோ தானமாகக் கொடுக்கக்கூடாது. சேகரிக்கும் பல தன்னார்வலர்களுக்கு இது தெரியாது.

சரி, என்னதான் அனுப்புவது? பாலூட்டும் தாய்க்கு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம், குடிதண்ணீர், மாற்று நைட்டி, உள்ளாடை. மறைப்புக் கட்ட நாலு பழைய புடவையும் ஒரு கயிறும்.