அடியில் உறைந்த தேன்

மாசி, பங்குனியில் மார்த்தாண்டம் பக்கம் வாங்கிய தேன் பாட்டிலை ஆடி மாதம் எடுத்துப் பார்த்தால், அடியில் கால் பங்கோ பாதியோ வெள்ளையாக உறைந்து கிடக்கும். "சீனிப்பாகு கலந்திருக்கான்" என்பதுதான் வீட்டில் எழும் முதல் பேச்சு. ஆனால் குமரி மாவட்டத்து ரப்பர் தேன் ஒரு வருடமாகியும் துளிகூட உறையாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அது நன்றாகச் சூடாக்கியதாகவோ, வேறு தேனோடு கலந்ததாகவோ இருக்கலாம். எந்த ஊர், எந்த மாதம் என்பதைப் பாட்டிலின் அடியில் இருக்கும் அந்த வெள்ளைப் படிவமே பாதி சொல்லிவிடும்.

திராட்சை மதுவில் ஐரோப்பியர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு வட்டாரத்தின் குணம் தெரிய வேண்டுமென்றால் அங்கே விலை உச்சத்தில் இருக்கும் பாட்டிலைத் தேடிப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் அன்றாடம் குடிக்கும் சாதாரணப் பாட்டில்களில் நாலைந்தை வாங்கி, அருகருகே வைத்துச் சுவைப்பார்கள். மண், மழை, வெயில் எல்லாம் சேர்ந்து நாக்கில் எப்படித் தெரிகின்றன என்பது ஒப்பிடும்போதுதான் பிடிபடும். அதே வேலையைத் தேனில் செய்யலாம். செலவும் குறைவு, குழந்தைகளும் கூட உட்காரலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். பச்சைக் குழந்தையின் குடல் அதைத் தடுக்காது. சேனை வைக்கும் வழக்கம் உள்ள வீடுகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

திராட்சைக் கொடி நட்ட இடத்தில் நிற்கும், தேனீ பறக்கும். ஆனால் எவ்வளவு தூரம்? நம் பெட்டிகளில் வளரும் இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்தான் இரை தேடும். ஒரு கிலோமீட்டர் ஆரம் என்றால் 314 ஹெக்டேர், கிட்டத்தட்ட 775 ஏக்கர். பெட்டியை நடுவில் வைத்து அந்த வட்டத்தை வரைந்தால், உள்ளே என்ன மரம் நிற்கிறதோ அதுதான் தேன். குமரியில் இந்த வட்டத்தை ஐந்தாறு கிலோமீட்டர் நகர்த்தினாலே உள்ளிருப்பது மாறிவிடும். கடற்கரையில் தென்னையும் பனையும், விளவங்கோட்டிலும் திருவட்டாரிலும் ரப்பர் விளைகள் (தோட்டங்கள்), கீரிப்பாறைக்கும் பேச்சிப்பாறைக்கும் மேலே காடு, ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் காற்றும் வறண்ட நிலமும். இவ்வளவு சிறிய மாவட்டத்துக்குள் இத்தனை வட்டங்கள் அபூர்வம்.

ரப்பர் தேனை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது பூவிலிருந்து வருவதே இல்லை. ரப்பர் மரம் மார்கழி, தை வாக்கில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுத் துளிர்க்கும். புது இலை முதலில் செம்பு நிறத்தில் தளர்ந்து தொங்கும், பிறகு இளம்பச்சையாக விரியும். வில்வத்தைப் போல ஒரு காம்பில் மூன்று இலைகள். மூன்றும் கூடும் முட்டில், காம்பின் நுனியில், சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கும். பால்வெட்டு இல்லாத காலை நேரத்தில் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்துப் பார்த்தால் அந்தப் புடைப்பில் கண்ணாடித் துளி போல ஏதோ மின்னும். விரலில் தொட்டு நக்கினால் இனிக்கும். தாவரவியலில் இதற்குப் பூப்புறத் தேன்சுரப்பி என்று பெயர். இலை முற்றி கரும்பச்சையானதும் சுரப்பு நின்றுவிடும். அந்தச் சில வாரங்கள்தான் ரப்பர் தேனின் பருவம்; அதற்குள் பெட்டியில் தேனீ பெருகியிருக்க வேண்டும், மழை பெய்யாமல் இருக்க வேண்டும். திறந்த துளி என்பதால் ஒரு கோடை மழை வந்தாலே கழுவிக்கொண்டு போய்விடும்.

இதில் ஆய்வகத்தையே ஏமாற்றும் ஒரு விஷயம் இருக்கிறது. தேன் எந்தப் பூவினுடையது என்று கண்டுபிடிக்க, அதிலுள்ள மகரந்தத்தை நுண்ணோக்கியில் எண்ணுவது பழைய முறை. ஒரே செடியின் மகரந்தம் 45 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதை அந்தப் பூவின் தேன் என்று சொல்வது பொதுவான அளவுகோல். இலைக்காம்பில் மகரந்தம் ஏது? ரப்பர் தேனைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால், தேனீ தன் புழுக்களுக்காகத் தென்னை முதலான வேறு மரங்களில் சேகரித்த மகரந்தம்தான் தெரியும். தகட்டை மட்டும் நம்பினால் ரப்பர் விளையில் எடுத்த தேனுக்கு வேறு மரத்தின் பெயரைச் சூட்ட வேண்டிவரும்.

சரி, அது ஏன் உறைகிறது? தேன் என்பது தண்ணீர் தாங்கக்கூடியதைவிட அதிகமான சர்க்கரை கரைந்திருக்கும் கரைசல். அதில் முக்கியமானவை இரண்டு: பிரக்டோஸ், குளுக்கோஸ். பிரக்டோஸ் எளிதில் கரைந்து கிடக்கும். குளுக்கோஸுக்கு அந்தப் பொறுமை இல்லை. வாய்ப்புக் கிடைத்தால் படிகமாகும். தேனில் உள்ள குளுக்கோஸின் அளவைத் தண்ணீரின் அளவால் வகுத்துப் பாருங்கள். விடை 1.7-க்குக் கீழே என்றால் பல மாதம் உறையாது, 2.1-ஐத் தாண்டினால் சீக்கிரம் உறைந்துவிடும். ரப்பர் தேனில் தண்ணீர் சற்று அதிகமாக இருந்தும் உறைகிறது என்றால், குளுக்கோஸ் அந்த அளவுக்கு இருக்கிறது என்று பொருள்.

இனி பாட்டில்களுக்கு வருவோம். 250 கிராம் பாட்டில் போதும். எடையைப் பார்த்து வாங்குங்கள், மில்லிலிட்டரைப் பார்த்து வேண்டாம். தேன் தண்ணீரைப்போல 1.4 மடங்கு கனம். அரை லிட்டர் பாட்டில் நிறைந்தால் 700 கிராம் நிற்கும். 500 கிராம் தேனும் 500 மில்லிலிட்டர் தேனும் ஒரே விலை என்று நினைப்பவர் நஷ்டப்படுவார்.

முதல் பாட்டில் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் வட்டாரத்து ரப்பர் தேன், பிப்ரவரி மார்ச்சில் எடுத்தது. எடுத்த மாதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சொல்லத் தெரியாதவரிடம் வாங்கிப் பயனில்லை. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, ஆனால் அந்தப் பெயர் மட்டும் பருவத்தைச் சொல்லாது. இரண்டாவது, மலையடிவாரத்தில் சித்திரை, வைகாசியில் எடுத்த பலபூத் தேன். இது நிறம் கூடியதாக, தொண்டையில் லேசாகத் துவர்ப்பதாக இருக்கும். மூன்றாவது சிறுதேன், அதாவது கொட்டாத கொசுத்தேனீயின் தேன். விலை அதிகம், சுவைத்துப் பார்க்க 50 கிராம் போதும். மெழுகும் பிசினும் கலந்து அது கட்டும் சின்னக் குடுவைகளில் தேன் சேர்வதால் புளிப்பும் பிசின் மணமும் ஏறும், தண்ணீரும் மற்றத் தேன்களைவிட அதிகம். டிரெஹாலுலோஸ் என்ற அரிய சர்க்கரை கொட்டாத தேனீக்களின் தேனில் இருப்பதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டார்கள்.

மீதி இரண்டும் வெளியூர்ச் சரக்கு. எல்லைக்கோடு தெரிய வேண்டுமே. ராஜஸ்தான் கடுகுத் தேன் ஒன்று. இது வெண்ணெய்போல நுண்ணிய வெள்ளையாக உறையும், உறைவதில் ரப்பர் தேனுக்கு அண்ணன். இன்னொன்று காஷ்மீரின் வெள்ளை அக்கேசியா தேன். ரொபீனியா என்ற மரத்துப் பூவில் கிடைப்பது. பிரக்டோஸ் மிகுதி என்பதால் நீண்ட காலம் தண்ணீராகவே நிற்கும். இவை இரண்டுக்கும் நடுவில் உங்கள் ஊர்த் தேன் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. துளசித் தேன், அத்தித் தேன் என்று வேறு பொருள் சேர்த்து விற்பவற்றை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள்.

சுவைக்கும் முறைக்கு இத்தாலியில் அரசுப் பதிவேட்டில் பெயர் பதிந்த நிபுணர்களே இருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரே மாதிரியான கண்ணாடித் தம்ளர்கள் ஐந்தாறு எடுத்து ஒவ்வொன்றிலும் 30 கிராம் ஊற்றுங்கள். எவர்சில்வரில் நிறம் தெரியாது. கரண்டியால் தேனைத் தம்ளரின் உட்சுவரில் தடவிவிட்டு, சாஸரால் மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். பரப்பு கூடினால்தான் மணம் எழும். மூடியைத் தூக்கியதும் முதல் மூச்சு, அரை நிமிடம் கழித்து இரண்டாவது மூச்சு. பிறகு கரண்டி நுனியில் ஒன்றிரண்டு கிராம், விழுங்காமல் நாக்கில் கரைய விடுங்கள். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்ந்ததில் முடியுங்கள், சிறுதேன் கடைசி. நடுநடுவே ஒரு துண்டு ஆப்பிளும் வெதுவெதுப்பான தண்ணீரும். தம்ளருக்கு அடியில் எண் ஒட்டி, எது எந்தத் தேன் என்று தெரியாமல் வேறொருவர் வரிசையை மாற்றி வைக்கட்டும். ஒரே தேனை இரண்டு தம்ளரில் ஊற்றி வையுங்கள். அவற்றுக்கு நீங்கள் இரண்டு விதமாகக் குறிப்பு எழுதினால் அன்றைய குறிப்பு எதையும் நம்ப வேண்டாம்.

ரப்பர் தேனில் இனிப்பு முன்னால் வரும், மணம் மெலிதாக நிற்கும். பூவிலிருந்து வராதது என்பதால் வியப்பில்லை. கோடையில் எடுத்த மலையடிவாரத்துப் பலபூத் தேனை அடுத்து முகர்ந்தால் வித்தியாசம் மூக்கில் இடிக்கும்.

உறையும் குணத்தையும் ஒப்பிடலாம். சிறுதேன் நீங்கலாக ஒவ்வொன்றிலும் 50 கிராம் எடுத்து, ஏற்கெனவே உறைந்த தேன் அரைத் தேக்கரண்டி கலந்து, தேதி எழுதி ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். படிகம் வேகமாக வளர்வது 14 டிகிரி அருகில். நம் ஊர் அறை வெப்பத்தில் மாதக்கணக்காகும், மேல் தட்டின் குளிரில் தேன் கெட்டியாகி நகராது. வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும்.

கெடுவது எப்படி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தேனீ தேனறையை மெழுகு மூடி போட்டு அடைத்தால்தான் தேன் முதிர்ந்தது. வரத்து அதிகமான வாரத்தில் மூடாத அடையையும் சேர்த்துச் சுழற்றி எடுத்துவிடுவது உண்டு. உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் தண்ணீர் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 20 கிராம் தண்ணீர் உள்ள 100 கிராம் தேனில், 20 கிராம் படிகம் விழுந்தது என்று வையுங்கள். குளுக்கோஸ் படிகத்தில் தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம்தான், அதாவது 2 கிராம். மிச்சமுள்ள 80 கிராம் திரவத்தில் 18 கிராம் தண்ணீர்: 22.5 சதவீதம். அடி உறைய உறைய மேல்பகுதி நீர்த்துப்போகிறது. சர்க்கரைச் செறிவைத் தாங்கும் ஈஸ்ட் அங்கேதான் வேலையைத் தொடங்கும். மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று, மேலே நுரை, கள் வாடை. யாரும் கேட்காமலே பாட்டிலுக்குள் தேன்மது தயாராகிறது. உறைந்த பாட்டிலைக் கரைத்து, கலக்கி, இறுக மூடி வைத்தால் இதைத் தவிர்க்கலாம். கையால் தாங்கக்கூடிய சூட்டில், 40 முதல் 45 டிகிரிக்குள் உள்ள வெந்நீரில் கண்ணாடிப் பாட்டிலை ஓரிரு மணி நேரம் நிறுத்துங்கள். அடுப்பில் நேராக வைத்தால் மணம் போகும், நிறம் கருக்கும், சூட்டில் சர்க்கரை சிதைந்து உருவாகும் எச்.எம்.எஃப். என்ற சேர்மம் ஏறும். அதற்குச் சட்ட வரம்பு கிலோவுக்கு 80 மில்லிகிராம்.

இன்னொரு பிழை பெட்டியிலேயே நடக்கும். மழைக்காலத்தில் பூ இல்லாதபோது தேனீக்குச் சீனிப்பாகு கொடுப்பார்கள், அது தவறில்லை. அந்தப் பாகு மேல் அறையில் மிஞ்சியிருக்க, முதல் அறுவடையோடு கலந்து வந்தால்தான் கோளாறு. முதல் எடுப்பைத் தனியாக ஒதுக்குபவரிடம் வாங்குவது நல்லது.

எறும்பு மொய்க்காது, தண்ணீரில் நூலாக இறங்கும், காகிதத்தில் ஊறாது என்ற வீட்டுச் சோதனைகள் எல்லாம் தேன் எவ்வளவு கெட்டி என்பதை மட்டுமே காட்டும். கெட்டியான பாகு எல்லாவற்றிலும் தேறிவிடும், தண்ணீர் கூடிய நல்ல சிறுதேன் தோற்றுவிடும். கரும்பு, சோளச் சர்க்கரையை ஆய்வகத்தில் அளக்கும் கார்பன் ஐசோடோப்பு விகிதம் காட்டிக்கொடுக்கும். அரிசிப் பாகு அந்த வலையில் சிக்காது.

இந்த மாவட்டத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு பரவியது 1920-களில், மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வுக்காக ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் நடத்திய கிராமப் புனரமைப்பு மையத்தின் வழியாக. 1991, 92-ல் தாய் சாக்ப்ரூட் என்ற வைரஸ் புழுக்களைக் கொன்று பெட்டிகளைக் காலியாக்கியது. அதன் பிறகு இத்தாலியத் தேனீயும் இந்தப் பக்கம் வந்தது. அது இன்னும் அதிகத் தூரம் பறப்பது, ஆகவே வட்டமும் பெரிது. வாங்கும்போது எந்தத் தேனீ என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து பாட்டிலிலும் கொஞ்சம் மிச்சம் வைத்து, ஊர், மாதம், தேனீ மூன்றையும் சீட்டில் எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். அடுத்த மாசியில் அதே ஆளிடம் அதே விளைத் தேனை வாங்கி ஒப்பிடலாம். துளிர்க்கும் நேரத்தில் பனிமூட்டம் கனத்த வருடத்தில் ரப்பர் இளந்தளிரில் சாம்பல் நோய் பிடிக்கும், இலை சுருங்கி உதிரும், தேன்சுரப்பும் அதோடு போகும். அந்த வருடத்துப் பாட்டிலில் மற்றப் பூக்களின் பங்கு கூடியிருக்கும். நிறம் ஒரு படி அடர்ந்து, அடியில் வெள்ளை குறைந்து நிற்கும்.