கல்யாண மண்டபத்தில் பெரியப்பா ஏன் பேசுவதில்லை

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே, சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாணம். தகரக் கூரை, வழவழப்பான தரை, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். காய்கறி பிரியாணி வந்ததும் மண்டபத்தின் இரைச்சல் இன்னும் ஏறியது. எழுபத்தெட்டு வயதான என் பெரியப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் சற்றுத் தாமதமாக. "தாத்தாவுக்கு இப்போதெல்லாம் ஞாபகம் சரியில்லை" என்றாள் பேத்தி.

மறுநாள் காலை வீட்டு வராந்தாவில் அதே பெரியப்பா இரண்டு மணி நேரம் என்னோடு பேசினார். நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்த வீட்டை விட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்த கதையில் ஒரு பெயர்கூட அவருக்குத் தப்பவில்லை. ஞாபகத்தில் பழுது இல்லை என்றால் மண்டபத்தில் நடந்தது என்ன?

"கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை" என்று வயதானவர்கள் சொல்வது சாக்கு அல்ல, துல்லியமான வர்ணனை. உள்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் இரண்டு வகை மயிர்ச் செல்கள் இருக்கின்றன. உள்வரிசையில் இருப்பவை ஏறத்தாழ 3,500. ஒலியை நரம்புக்குச் சொல்பவை இவைதாம். வெளிவரிசையில் இருக்கும் சுமார் 12,000 செல்கள் ஒலிக்கேற்பத் தாமே அசைந்து, மெல்லிய ஒலியைப் பெரிதாக்கி, அடுத்தடுத்த சுருதிகளைப் பிரித்துக் கொடுக்கின்றன. மனிதர்களுக்கு இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கீச்சென்ற உயர் சுருதிகளைப் பிடிக்கும் முனைதான் வயதாகும்போது முதலில் தேய்கிறது.

நம் இலக்கணம் எழுத்துகளை உயிர், மெய் என்று பிரித்தது இங்கே வியப்பாகப் பொருந்துகிறது. பேச்சின் உரம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் உயிரெழுத்துகளில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையில் பெரும்பங்கு மெய்களுடையது. படம், தடம், கடம் ஆகிய மூன்றையும் பிரிப்பது முதல் ஒலியின் நொடிப்பொழுது வெடிப்புத்தான். உதட்டிலா பல்லருகிலா தொண்டையருகிலா, ஒலி எங்கே பிறந்தது என்ற அந்தத் தகவல்தான் இரைச்சலில் மிக எளிதில் தொலைகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் மில்லரும் நைஸ்லியும் 1955-இல் காட்டினார்கள். ஆகவே காதருகே கத்துவதால் பயனில்லை. கத்தும்போது உயிர் பெருக்கிறது, மெய் அந்த அளவுக்குப் பெருப்பதில்லை.

பெரியப்பா ஓர் அமைதியான அறையில் காதுப் பரிசோதனை செய்துகொண்டவர். "வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மெல்லிய 'பீப்' ஒலி எவ்வளவு கேட்கிறது என்று மட்டும் பார்க்கும் சோதனை அது. 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற இருவர் எலிகளைப் பேரொலிக்கு உட்படுத்தினார்கள். சில நாள்களில் அவற்றின் கேட்கும் திறன் பழைய அளவுக்குத் திரும்பியது. ஆனால் உயர் சுருதிப் பகுதியில் மயிர்ச் செல்லையும் நரம்பையும் இணைக்கும் சந்திப்புகளில் ஏறத்தாழ பாதி அழிந்திருந்தன. அமைதியில் 'பீப்' ஒலி கேட்கச் சில நரம்புகள் போதும். இரைச்சலில் பேச்சைப் பிரிக்க ஏராளமாக வேண்டும். மனிதக் காதில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்ற ஆய்வு தொடர்கிறது. ஜவுளி ஆலையில் முப்பது ஆண்டுகள் தறிச் சத்தத்தில் நின்ற பெரியப்பாவை நினைக்காமல் என்னால் அந்த எலிகளைப் பற்றிப் படிக்க முடியவில்லை.

மிச்ச வேலை மூளையுடையது. பலர் ஒரே நேரத்தில் பேசும்போது ஒருவரை மட்டும் எப்படிப் பின்தொடர்கிறோம் என்று 1953-இலேயே காலின் செர்ரி ஆராய்ந்தார். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைவிட மற்றக் காதை, அதிகபட்சம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பிந்தி அடைகிறது. அந்த இடைவெளியைக் கொண்டே மூளை திசை பிரிக்கிறது. முதுமையில் இந்தக் கணக்கு மழுங்குகிறது. தொலைந்த எழுத்துகளை ஊகித்து நிரப்புவதில் நினைவாற்றலின் ஒரு பகுதி செலவாகிறது. பெரியப்பா தமிழில் வளர்ந்தவர், பேரப்பிள்ளைகள் விரைந்த ஆங்கிலம் பேசுகிறவர்கள். பிற்பாடு கற்ற மொழி இரைச்சலில் இன்னும் கடினம். ஒரு மணி நேரத்தில் களைத்துப் போகிறார், பிறகு பேசாமல் இருந்துவிடுகிறார்.

இந்த மௌனத்தைத்தான் நான் அஞ்சுகிறேன். பிரிட்டனில் 60 வயதைக் கடந்த 82,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வில், இரைச்சலில் பேச்சைப் பிடிக்க மிகவும் திணறியவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு 91 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. 2023-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 70 முதல் 84 வயதுவரை 977 பேர் கலந்துகொண்டார்கள். மொத்தத்தில் காதுக்கருவியால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் மிகுந்திருந்த பிரிவினரிடம் மூன்றாண்டுகளில் அறிவாற்றல் தேய்வு 48 சதவீதம் குறைந்தது. எனக்கு இதுவே போதுமான காரணம்.

இரைச்சலில் கேட்கும் திறனை அளக்க நம் நாட்டிலேயே ஒரு வழி உண்டு. பிரிட்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் உழைப்பில் 2016-இல் வந்த 'ஹியர்-இசட்-ஏ' என்ற கைப்பேசிச் செயலி, சீறும் இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்களைச் சொல்லும். கேட்டதை அழுத்த வேண்டும். பெரியப்பாவுக்குக் காதொலிப்பான் மாட்டிவிட்டுச் செய்து பார்த்தோம். எண்கள் பாதியிலேயே அவருக்குக் கரைந்து போயின. அதை வைத்துக்கொண்டு ஒலியியல் நிபுணரிடம் மறுபடி போனோம். இப்போது இரண்டு காதிலும் கருவி இருக்கிறது, பழக இன்னும் சில மாதங்கள் ஆகும்.

போன ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கிக்கு எட்டத்தில், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி அவரை உட்காரவைத்தோம். பேத்தி நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டாள். எதைப் பற்றிய பேச்சு என்று முதலில் சொல்லிவிட்டால் முதியவர்கள் சூழலைக் கொண்டே மிச்சத்தைப் பிடித்துவிடுவார்கள், அதில் அவர்கள் இளையவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

"தாத்தா, கேட்டோ மேனர் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன். வாசலில் மாமரம் இருந்ததாமே?"

"வாசலில் இல்லையம்மா, கொல்லையில்" என்றார் அவர், உடனே.