பால்கனி கம்பி மேலயா கீழயா? முதல்ல அது எப்படி வளையும்னு பாருங்க

சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் வீட்டு சைட்டுக்கு செக்கிங் போனா நான் முதல்ல பாக்குறது பால்கனியும் சன்ஷேடும் தான். சமீபத்துல ஒரு சைட்ல மறுநாள் கான்கிரீட், பால்கனி மெயின் கம்பி மொத்தமும் கீழ, கவர் பிளாக் (கம்பிக்கு அடியில வெக்கிற சின்ன கட்டை) மேல ஜம்முனு உக்காந்திருக்கு. "இன்னா மேஸ்திரி இது"ன்னு கேட்டா, "ரூம் ஸ்லாப்ல கீழ தான சார் போட்டோம், அதே கம்பிய தான் வெளிய இழுத்து வுட்டுக்கீறேன்"ன்னாரு.

ரூமுக்கு அது சரி தான். ரெண்டு பக்கமும் சுவர்ல உக்கார்ற ஸ்லாப் நடுவுல தொங்கும், அடிப்பக்கம் இழுபடும், கான்கிரீட் அழுத்தத்த தாங்குற அளவுக்கு இழுவைய தாங்காது, அதனால கம்பி கீழ. பால்கனி அப்படி வளையாது, நுனி இறங்கும், சுவர் ஓரத்துல மேல்பக்கம் இழுபடும், விரிசலும் அங்க மேல தான் ஆரம்பிக்கும், அதனால இங்க கம்பி மேல. (கல்லுக்கும் இதே பலவீனம் தான், வேலூர் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்துல தூண் எல்லாம் ஏன் அவ்ளோ நெருக்கமா நிக்குதுன்னு யோசிச்சு பாருங்க.)

இன்னொரு குழப்பம், இது டிகிரி முடிச்சு வர்ற பசங்களுக்கே இருக்கு. எங்க அதிகமா இறங்குதோ அங்க தான் மொமண்ட் (லோடு அந்த இடத்த வளைக்கப் பாக்குற பலம்) அதிகம்னு நினைக்கிறாங்க. பால்கனி நுனியில தான் இறக்கம் அதிகம், ஆனா அங்க மொமண்ட் ஜீரோ. சுவர் கிட்ட இறக்கமே இல்ல, மொமண்ட் உச்சம். ஏன்னா மொமண்ட் காட்டுறது இறக்கத்த இல்ல, அந்த இடத்துல பீம் எவ்ளோ வளையுதுங்கறத தான், மொமண்ட்ட இ-ஐ யால (EI, பொருளோட விறைப்பும் குறுக்குவெட்டோட வடிவமும் சேர்ந்த அளவு) வகுத்தா வர்றது அந்த வளைவு. நுனிப்பக்கம் சாஞ்சிருக்கும், ஆனா கிட்டத்தட்ட நேரா தான் இருக்கும்.

காலம் (கான்கிரீட் தூண்) மேல தொடர்ந்து போற பீம்ல ரெண்டுமே வரும், நடுவுல தொங்கும், காலம் மேல கூன் போடும். ரெண்டு முனையும் இறுக்கமா புடிச்சு லோடு சீரா இருந்தா, வளைவு திசை மாறுற இடம் முனையிலருந்து ஸ்பான்ல (ஒரு காலத்துலருந்து அடுத்த காலம் வரைக்கும் உள்ள நீளம்) 0.21 பங்கு, காலம் ஓரத்து மொமண்ட் நடுவுல இருக்கறத விட ரெண்டு மடங்கு. அதனால தான் டாப் எக்ஸ்ட்ரா ராடு (காலம் மேல கூடுதலா போடுற மேல்கம்பி) அந்த இடத்த தாண்டி போகணும்னு அடம் புடிக்கிறோம், கம்பி மிச்சம் பண்றேன்னு அங்க வெட்டாதீங்க.

ஓனருங்க வேற, மூணடி பால்கனிய அஞ்சடி ஆக்கிடுங்கன்னு போன்ல சொல்லிடுறாங்க. அதே தடிமன், சதுர அடிக்கு அதே லோடுன்னாலும் மொமண்ட் 2.8 மடங்கு, இறக்கம் 7.7 மடங்கு ஆகும்.

கம்பிய மேல கட்டுனா மட்டும் போதாது, கான்கிரீட் போடுறவங்க மிதிச்சே கீழ இறக்கிடுவாங்க, அதனால சேர் (மேல்கம்பிய தாங்க கம்பியிலயே வளைச்ச கால்) வெச்சு தூக்கி நிறுத்துங்க. உள்பக்கம் ஸ்லாப்லயும் ட்ராயிங்ல காட்டுன நீளத்துக்கு ஓடணும். அப்புறம் முட்டு பிரிக்கும்போது நுனியிலருந்து ஆரம்பிச்சு சுவர் பக்கம் வாங்க, நுனி முட்டு நிக்கும்போது உள்ள இருக்கறத உருவுனா அது ரூம் ஸ்லாப் மாதிரி நடுவுல தொங்கும், அங்க கீழ அதுக்கு போதுமான கம்பி இருக்காது.